டிரைவருக்குப் பின் இருக்கை

"நீ இறங்கிக்கம்மா" என்றாள் பவுலின். திரும்பிப் பார்க்கவில்லை, தலைக்கு மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் தாண்டிக்குடி வண்டி உடம்பெல்லாம் அதிர உறுமிக்கொண்டு நின்றது. டிரைவர் சீட்டில் காக்கிச் சட்டையோடு மகள். அவளுக்கு நேர் பின்னால், ஜன்னலோரத்தில், மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு அம்மா இன்னாசியம்மா. சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்கு இறங்கணும்? நான் தாண்டிக்குடிக்குப் போறேன்."

"தாண்டிக்குடியில உனக்கு யாரு இருக்கா?"

"யாருமில்ல. நீ ஓட்டுறதைப் பாக்கணும். வேலைக்குச் சேந்து ஒரு மழைக்காலமே முடிஞ்சிருச்சு. பெத்தவ ஒரு தடவை பாக்க வேண்டாமா?"

"அம்மா, வம்பு பண்ணாத. நீ பின்னாடி இருந்தா எனக்கு ஓட்ட வராது. வளைவுக்கு வளைவு யேசுவே யேசுவேன்னு கத்துவ. வண்டி நிறைய உசுரு இருக்கு."

"கத்த மாட்டேன்."

"முனகுவ."

"முனகவும் மாட்டேன்."

"மூச்சை உள்ள இழுப்ப" என்றாள் பவுலின். "அது எனக்குக் கேக்கும்மா. நீ மூச்சை இழுத்தா என் காலு தானா பிரேக்குல போய் நிக்கும். சின்னப் பிள்ளையிலருந்து அப்படியே பழகிப்போச்சு."

படியில் நின்ற கண்டக்டர் செல்லப்பாண்டி விசிலை ஊதினார். "எடும்மா பவுலினு, நேரமாச்சு." கண்ணாடிக்குள் அம்மாவின் கண்ணும் மகளின் கண்ணும் ஒருகணம் முட்டிக்கொண்டன. "மூச்சையும் இழுக்க மாட்டேன், எடு" என்றாள் இன்னாசியம்மா. வண்டி நகர்ந்தது.

மூச்சை இழுப்ப. எப்படிச் சொல்லிவிட்டாள். கத்துவது தெருவுக்கே தெரியும், முனகுவது கோயிலில் பக்கத்தில் முழங்கால் போடுகிறவர்களுக்குத் தெரியும், ஆனால் பல்லிடுக்கில் ஸ்ஸென்று உள்ளே போகிற இந்தக் காற்று தனக்கு மட்டும் தெரிந்த சங்கதி என்றல்லவா இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குக் கேட்டிருக்கிறது. கொய்யா மரத்தில் ஏறிய பிள்ளை பாதிக் கிளையில் ஏன் நின்றது, வாடகைச் சைக்கிளில் நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று ஏன் காலை ஊன்றியது, கொதிக்கிற குழம்புச் சட்டியை இறக்கப் போன பிள்ளை ஏன் கையை எடுத்துக்கொண்டது, எல்லாவற்றுக்கும் இப்போது காரணம் தெரிகிறது. வேண்டாம் என்ற வார்த்தை வாய்க்கு வருவதற்கு முன்பே அந்த மூச்சு போய் அதன் காலைக் கட்டியிருக்கிறது. கடைத்தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள்காரன் வண்டிக்குக் குறுக்கே வெட்டினான். காற்று தானாகக் கிளம்பித் தொண்டைவரை வந்துவிட்டது; உதட்டை மூடி, அதை அப்படியே மூக்கு வழியாக, சத்தமில்லாமல், கைக்குழந்தையைத் தூளியில் விடுவதுபோல வெளியே விட்டாள். பவுலின் ஹார்னைக்கூடத் தொடவில்லை. ஸ்டியரிங்கை ஒரு சாண் திருப்பி, திரும்ப ஒரு சாண் கொண்டுவந்தாள். என்ன நிதானம். அந்தச் சட்டைக் காலரைப் பார், எவ்வளவு விறைப்பாக நிற்கிறது. டிப்போவில் கொடுத்த துணியைத் தைத்தது இன்னாசியம்மாதான்; ஊரிலுள்ள ரவிக்கையெல்லாம் தைக்கிறவளுக்குக் காக்கிச் சட்டை புதுசு. மூன்று தடவை பிரித்தாள். காலரின் இடது முனையில் ஒரு தையல் மட்டும் லேசாக விலகியிருக்கிறது, அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆண் பிள்ளைகளுக்கென்று வெட்டிய அளவுக்குள் தன் மகளின் தோள் பொருந்துமா என்று அன்றைக்குக் கவலைப்பட்டாள். பொருந்தாமல் என்ன, தோளுக்குத் தக்கதாகச் சட்டைதான் மாறவேண்டியிருந்தது.

படம் என்றுதான் அவள் தன் பயத்துக்குப் பெயர் வைத்திருந்தாள். படம் ஓட ஆரம்பித்துவிடும். பால் வாங்கப் போன புருஷன் வரக் கொஞ்சம் தாமதமானால் போதும், திரை விழுந்து, விளக்கு அணைந்து, ரத்தம், கூட்டம், ஓடிவந்து கதவைத் தட்டுகிற யாரோ ஒருவர், அவிழ்ந்த கூந்தலோடு தான், எல்லாம் வரிசையாக வரும். பால் வாங்கப் போனவர் பாலோடு வந்து நிற்பார். ஆனாலும் படம் முடியாது, அவரை நிற்கவைத்துக்கொண்டே மீதியும் ஓடும். புருஷன் சந்தியாகு லாரி ஓட்டினார். தாண்டிக்குடியிலிருந்தும் பண்ணைக்காட்டிலிருந்தும் மலைவாழைத்தார் ஏற்றிக்கொண்டு இதே ரோட்டில் இறங்கி வருவார். அவர் மலையில் இருக்கிற ஒவ்வொரு பொழுதும் இவள் கீழே அந்த லாரியைப் பள்ளத்தில் தள்ளிக்கொண்டிருந்தாள். எத்தனை தடவை தள்ளினாள், எத்தனை தடவை கறுப்புக் கட்டினாள். அவர் சிரிப்பார். "எனக்கு நீ இன்னும் எத்தனை தடவைதான் பாடை கட்டுவ இன்னாசி?" கடைசியில் அவர் மலையில் போகவில்லை. பள்ளத்தில் போகவில்லை. மஞ்சள்காமாலை வந்து, வீட்டுக் கட்டிலில், அவள் பிழிந்து கொடுத்த கீழாநெல்லிச் சாற்றைக் குடித்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார். இருபது வருஷம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாவு அடுப்படி வழியாக வந்தது. அதைப் பார்த்தாவது அந்தப் பயத்துக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா? நான் தப்பான பக்கம் காவல் காத்துவிட்டேன் என்று வெட்கப்பட்டு ஒதுங்கியிருக்க வேண்டாமா? வரவில்லை. பார்த்தாயா, நான் அன்றைக்கே சொன்னேனே என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று. ஆனாலும் ஜெயித்தது தான்தான் என்று அது சொன்னது, அவளும் நம்பினாள். பிறகு மிச்சமிருந்தது பிள்ளை ஒன்றுதான். லாரியைத் தள்ளிய கை பிள்ளையைத் தள்ள ஆரம்பித்தது.

"யாருய்யா ஓட்டுறது, பொம்பளைப் பிள்ளையா?" பின்னாலிருந்து ஒரு ஆண் குரல். பட்டிவீரன்பட்டியில் ஏறிய ஆள், வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், காலடியில் உரமூட்டை. "சரியாப்போச்சு. எல்லாரும் குலசாமியக் கும்பிட்டுக்கங்கப்பா, மலையேறப் போறோம்." நாலைந்து பேர் சிரித்தார்கள். இன்னாசியம்மாவுக்குக் காது மடல் சுட்டது. இதே வார்த்தையைத் தானும் வேறு விதமாகச் சொன்னவள்தானே, பொட்டப் பிள்ளைக்கு எதுக்குடி ஸ்டியரிங்கு என்று கேட்டவள்தானே, கேட்டபோது சுடாதது இப்போது எதற்குச் சுடுகிறது? வாயைத் திறக்கலாமா? திறந்தால் முன்னால் கேட்கும். அவள் யோசித்துக்கொண்டிருக்கையில், நடு இருக்கையில் இருந்த காப்பித் தோட்டத்துப் பெண் ஒருத்தி கழுத்தை மட்டும் திருப்பி, "ஏண்ணே, நீங்க இந்த வண்டியில ஏறி ரொம்ப நாளாச்சு போல. மழையில எல்லா டிரைவரும் பெரும்பாறையோட திரும்பிட்டாங்க, இந்தப் பிள்ளைதான் எங்க தோட்டம் வரைக்கும் வந்து இறக்கிவிட்டுச்சு. வயித்துப் பிள்ளைக்காரி ஒருத்தி வண்டியில இருந்தா, அவளுக்கு வயிறு அலுங்கல" என்றாள். அந்த ஆள், "அப்படியா, எனக்கென்ன தெரியும், சும்மா சொன்னேன்" என்று உரமூட்டையைக் காலால் நகர்த்திக்கொண்டார். வயிறு அலுங்கல. இந்தச் சங்கதி தனக்குத் தெரியாதே. மழையில் போனதும் தெரியாது, வயிற்றுப் பிள்ளைக்காரியும் தெரியாது. வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அம்மா இல்லாத பள்ளத்தையெல்லாம் தோண்டுவாள் என்று, செய்த நல்லதைக்கூட மறைத்துவைத்திருக்கிறது பிள்ளை. எத்தனையை மறைத்திருக்கும்? பள்ளிக்கூடத்தில் ஓடி வாங்கிய பரிசு, கிணற்றில் நீச்சல் பழகியது, டிரைவிங் ஸ்கூலில் காரோட்டச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தது, எல்லாம் யார்யாரோ சொல்லித்தான் தெரிந்தது. இன்னாசியம்மா அந்தத் தோட்டத்துப் பெண்ணைப் பார்த்து, சற்றுச் சத்தமாகவே, "அது என் மக" என்றாள். சொன்ன பிறகு உடம்பு லேசாக இருந்தது. முன்னால் காக்கித் தோள் ஒரு தடவை ஏறி இறங்கியது; கேட்டிருக்கிறது.

முதல் கொண்டை ஊசி வளைவில் வண்டி மூக்கைத் தூக்கியதும் கீழே தென்னந்தோப்பெல்லாம் தட்டையாகிப்போனது. கியர் மாறுகிற சத்தம், இரும்பு இரும்பைக் கடித்து விடுகிற அந்தச் சத்தம், சந்தியாகுவின் சத்தம். பிள்ளை அதைத்தான் அப்பா மடியில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தது. கனரக வண்டி லைசென்ஸுக்குப் போகிறேன் என்று பவுலின் சொன்ன அன்று இன்னாசியம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள், கஞ்சி கையில் பட்டது, அதையே சகுனமாக வைத்துக்கொண்டு ஒரு வாரம் அழுதாள். அழுகைக்கு மசியாத பிள்ளை என்று தெரிந்ததும் செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்குப் போனாள். ஊரே காணாமல் போன ஆட்டுக்கும், கல்யாணம் கூடாத பெண்ணுக்கும், வராத பிள்ளைவரத்துக்கும் மெழுகுவர்த்தி ஏற்றுகிற இடத்தில் அவளும் ஒன்றை ஏற்றினாள். என் மக தோத்துப் போகணும். அப்படியே, இந்த வார்த்தையிலேயே. ஒருவேளை அந்தோணியாருக்குக் கேட்கவில்லையோ என்று இரண்டாம் தடவையும் சொன்னாள். அந்த வாரம் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் ரிவர்ஸ் எடுக்கையில் பவுலின் கம்பத்தைத் தட்டிவிட்டாள். வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்து, சாப்பிடாமல், பேசாமல், அழாமல் கிடந்தாள். இன்னாசியம்மாவுக்கு மனசு குளிர்ந்துதான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது, குளிர்ந்துதான் இருந்தது. கேட்டதைக் கொடுத்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடியும் போனாள். முழங்கால் போட்டாள். கையைக் கட்டினாள். நன்றி என்று சொல்ல வாயைத் திறந்தாள். வரவில்லை. ஒரு சின்னச் சொல், பிறந்ததிலிருந்து சொல்லிச் சொல்லி வழவழத்துப்போன சொல், அது மீன் முள்ளைப்போல நாக்கடியில் குத்திக்கொண்டு நின்றது. திரும்பத் திரும்பத் திறந்தாள். நன்றி, யாருக்கு? பெத்த பிள்ளை சுவரைப் பார்த்துக் கிடப்பதற்கு நன்றியை வாங்கிக்கொள்கிறவர் யார்? ஆண்டவரா? அந்தோணியாரா? கையில் குழந்தையை ஏந்திக்கொண்டு நிற்கிற அந்தச் சுரூபத்தை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் குழந்தையின் காலை அவர் கட்டிவைத்திருக்கவில்லை. உள்ளங்கையில் உட்காரவைத்திருந்தார், அவ்வளவுதான், எப்போது வேண்டுமானாலும் இறங்கி ஓடிவிடலாம் என்பதுபோல. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தான் இத்தனை வருஷமும் முழங்கால் போட்டது வேறொரு சாமிக்கு. காலையில் எழுந்ததும் முதல் நினைப்பு அதற்கு, படுக்கும்போது கடைசி நினைப்பு அதற்கு. அது போ என்றால் போனாள், வேண்டாம் என்றால் விட்டாள், காணிக்கையாகப் பிள்ளையின் ஆசையையே கொண்டுபோய் வைத்தாள். பயத்துக்குத்தான் பூசை நடந்திருக்கிறது. மெழுகுவர்த்தி மட்டும் அந்தோணியாருக்கு.

எழுந்து நேராக வீட்டுக்கு வந்து பவுலினிடம் சொன்னாள். தோக்கணும்னு வேண்டிக்கிட்டேன்டி. கத்துவாள், வீட்டை விட்டுப் போய்விடுவாள் என்று அந்த நேரத்திலும் ஒரு படம் ஓடத்தான் செய்தது. பவுலின், "அடுத்த டெஸ்டுக்கு ஜெயிக்கணும்னும் நீ வேண்டிக்காத. சும்மா இரு. எனக்கு அது போதும்" என்றாள். சும்மா இரு. தட்டில் சோற்றைப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டாள். சும்மா இருப்பது லேசான வேலையா? ஒரு மலையைச் சுமந்து நடந்துவிடலாம், சும்மா இருக்க முடியாது. படம் ஆரம்பிக்கும்போதெல்லாம் இன்னாசியம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டு, ஆண்டவரே, இது உம்ம பாடு, நான் இதைப் பாக்க மாட்டேன், உம்ம பிள்ளையை நீர் பாரும் என்று சொல்லிவிட்டு, மறுபடி மிதிப்பாள். சொன்ன மாத்திரத்தில் நின்றுவிடுமா? நிற்காது. கொடுத்ததை அவளே திரும்பப் பிடுங்கிக்கொள்வாள். ஆண்டவரின் கையிலிருந்து பிடுங்கி, நானே பயந்துகொள்கிறேன், உமக்கு என் அளவுக்குப் பயப்படத் தெரியாது என்பாள். வெட்கமாக இருக்கும். மறுபடி கொடுப்பாள். சில நாளில் ஒரு ரவிக்கை தைத்து முடிப்பதற்குள் ஊசி எத்தனை தடவை ஏறி இறங்கியதோ அத்தனை தடவை கொடுத்து வாங்கியிருக்கிறாள். பிறகு ஒருநாள் மத்தியானம். ஒரு ரவிக்கைக்குக் கைத்துணி வெட்டிக்கொண்டிருந்தாள். தெருவில் ஆம்புலன்ஸ் ஒன்று கூவிக்கொண்டு போனது. போனது. அவ்வளவுதான். கையை வெட்டி, ஓரம் மடித்து, அடித்து முடித்து, நூலைப் பல்லால் கடித்தபோதுதான் நினைவு வந்தது, ஆம்புலன்ஸ் போனதே, படம் ஓடவில்லையே. மனசுக்குள்ளே போய் எட்டிப் பார்த்தாள். திரை இருந்தது, ஆள் யாரும் இல்லை. ஆம்புலன்ஸில் போகிற யாரோ பெத்த பிள்ளைக்காக, ஆண்டவரே அவங்களைக் காப்பாத்தும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த கையை எடுத்தாள். இத்தனை வருஷத்தில், தன் வீட்டுப் பயம் கலக்காமல் வேறொருவருக்காகச் சொன்ன முதல் செபம் அதுதான். அன்றைக்கு அவள் தெருவில் இறங்கி, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், பூக்காரியிடம் கனகாம்பரம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். சந்தியாகு போன பிறகு வைக்காத பூ. பக்கத்து வீட்டுக்காரி ஒரு மாதிரி பார்த்தாள். பார்க்கட்டும்.

பிரேக் காற்றுச் சத்தத்தோடு வண்டி நின்றது. மேகம் ரோட்டுக்கே இறங்கியிருந்தது. வளைவின் தலைமாட்டில், வெள்ளைக்குள்ளிருந்து இரண்டு மஞ்சள் விளக்குகள் முளைத்து, அதற்குப் பின்னால் வாழைத்தார் அடுக்கிய லாரி ஒன்று மெல்ல மெல்ல உருவமாகியது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி; ஆனால் லாரிக்குப் பின்னால் ஜீப்புகள் முட்டிக்கொண்டு நின்றன, லாரிக்காரனால் ஓரடிகூடப் பின்னால் போக முடியாது. பவுலின்தான் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். "அண்ணே, இறங்கிப் பாருங்க" என்றாள். செல்லப்பாண்டி குதித்து இறங்கி மேகத்துக்குள் காணாமல் போனார். பின்னாலிருந்து அவருடைய விசிலும், "வரலாம், வரலாம், லெஃப்ட்டு ஒடி, இன்னும் ஒடி" என்ற குரலும் மட்டும் வந்தன. வண்டி பின்னால் சரிய ஆரம்பித்தது. எதிர்ப்பக்கத்து ஜன்னல்களில் மரம் இல்லை, கல் இல்லை, ரோட்டோரத் தடுப்புச் சுவர் இல்லை, வெறும் வெள்ளை. உரமூட்டைக்காரர் எழுந்து, "ஏம்மா, நிப்பாட்டு, நாங்க இறங்கிக்கிறோம்" என்று கத்தினார். இரண்டு பேர் எழுந்தார்கள். படம் ஆரம்பித்தது. எவ்வளவு நாள் கழித்து வந்தாலும் அதற்கு வழி மறக்கவில்லை. பின்சக்கரம் காற்றில் சுற்றுகிறது, கூரை தரையாகிறது, காக்கிச் சட்டை, காலரின் இடது முனை, அந்த விலகிய தையல், அதைப் பார்த்துத்தான் அடையாளம் சொல்லப்போகிறாள், ஐயோ அந்தத் தையலை எதற்கு அப்படி விட்டேன், காற்று பல்லிடுக்கில் வந்து முட்டுகிறது, ஸ் என்ற ஒரு எழுத்துத்தான், அதை விட்டால் மகளின் கால் பிரேக்குக்குப் போகும், கால் தப்பான நேரத்தில் போனால், போனால். இந்த வண்டியில் இப்போது ஆபத்தான பொருள் ஒன்றே ஒன்றுதான், அது என் தொண்டையில் இருக்கிறது. இன்னாசியம்மா மகளின் காலரைப் பார்த்தாள். படத்தில் இருந்த காலர் அல்ல, கையெட்டும் தூரத்தில், வேர்வை படிந்து, உயிரோடு இருக்கிற காலர். ஆண்டவரே, உம்ம பிள்ளை ரிவர்ஸ் எடுக்குது. அவ்வளவுதான் சொன்னாள். காப்பாத்தும் என்று கேட்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, இங்க வந்து பாரேன் என் மகளை என்று காட்டுவதுபோலக் காட்டினாள். காற்று முட்டியது, நின்றது, மூக்கு வழியாக மெல்ல வெளியே போனது. பிறகு அவள் திரும்பி உரமூட்டைக்காரரைப் பார்த்து, "உக்காருங்கய்யா. நீங்க எந்திரிச்சா கண்ணாடியில பின்னாடி தெரியாது. அவ ஓட்டுறா, உக்காருங்க" என்றாள். அவர் உட்கார்ந்தார். ஏன் உட்கார்ந்தோம் என்று அவருக்கே தெரியாததுபோல உட்கார்ந்தார்.

விசில் நீளமாக ஒரு தடவை கேட்டது. வண்டி பள்ளத்தோரம் ஒட்டி ஒதுங்கி நின்றது. வாழைத்தார்களும் பச்சை வாசமும் ஜன்னலை உரசுவதுபோல் கடந்தன. லாரிக்காரன் தலையை வெளியே நீட்டி, டிரைவர் சீட்டில் இருப்பது யார் என்று பார்த்து, பார்த்த கண்ணையே நம்பாமல் மறுபடி பார்த்து, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நெற்றியில் வைத்துவிட்டுப் போனான். மலையில் டிரைவருக்கு டிரைவர் வைக்கிற சலாம் அது. சந்தியாகுவுக்கு வைத்திருப்பார்கள், அவள் ஒரு நாளும் கூட வந்து பார்த்ததில்லை. நன்றி, என்றது வாய். கேட்காமல், தேடாமல், முழங்கால் போடாமல், முள்ளும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. நன்றி, நன்றி. கர்வம் பாவம் என்று மறைக்கல்வியில் படித்தது ஞாபகம் வந்தது. பாவமாகவே இருந்தால் அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம். சாமியார் என்ன தண்டனை கொடுத்தாலும் சிரித்துக்கொண்டே செய்துவிடலாம். ஆனால் இது பாவம்போல இல்லை, உள்ளே ஒன்றும் இறுகவில்லை, விரிகிறது. அவளைப் பற்றியும் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அதையும் மறைப்பானேன். இத்தனை வருஷம் இழுத்த மூச்சை வெளியே விடக் கற்றுக்கொண்டவள் ஒரு டெஸ்ட் பாஸ் பண்ணியவள் இல்லையா, அவளுக்கு லைசென்ஸ் யார் கொடுப்பார்? கண்ணாடியில் பவுலினின் கண்கள் அம்மாவைத் தேடி வந்தன. எதற்கோ காத்திருந்த காதுகளோடு வந்த கண்கள். இன்னாசியம்மா பல் தெரியச் சிரித்தாள். பவுலினின் புருவம் மேலே போனது, கியரைப் போட்டாள்.

வண்டி மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஏறியது. ஜன்னல் வழியாகக் குளிர் வந்து முந்தானைக்குள் புகுந்தது. எங்கோ பழுத்த ஆரஞ்சு, நனைந்த மண், மிளகுக்கொடி, எல்லாம் கலந்த ஒரு வாசம். சந்தியாகுவின் சட்டையிலிருந்து வருகிற வாசம், அதை இவள் டீசல் என்று நினைத்துக்கொண்டிருந்தாள், டீசல் இல்லை, மலை. இந்த மலையிலா அவரை அத்தனை தடவை தள்ளினேன்? இவ்வளவு அழகான இடத்திலா? மன்னிச்சுக்கங்க என்றாள் அவரிடம், மன்னிச்சாச்சு போ என்றார் அவர், உன் மக ரெண்டாவது கியர்ல எடுக்கிறா பாரு, நான் முதல் கியர்ல எடுப்பேன், கெட்டிக்காரி. வளைவு இடப்பக்கம் அவளைச் சாய்த்தது, பிறகு வலப்பக்கம் சாய்த்தது, இடப்பக்கம், வலப்பக்கம், யாரோ மேலே கயிற்றைப் பிடித்து ஆட்டுவதுபோல, உள்ளங்கையில் வைத்து, கட்டாமல், உள்ளங்கையில்.

"அம்மா. ஏய், அம்மா. ஊரு வந்திருச்சு."

கண்ணைத் திறந்தாள். வண்டி காலியாக இருந்தது. கழுத்து வலித்தது, கன்னத்தில் ஜன்னல் கம்பியின் தடம். பவுலின் இடுப்பில் கைவைத்துக்கொண்டு எதிரே நின்றாள்.

"தூங்கிட்டியா?"

"ஆமா போல."

"எங்கிருந்து?"

"அந்த வாழை லாரி போச்சே, அதுக்கப்புறம்."

"அதுக்கப்புறந்தானம்மா எல்லாமே!" பவுலினுக்கு நிஜமாகவே ஆத்திரம் வந்துவிட்டது. "காட்டுமாடு கூட்டமா வந்து ரோட்டை மறிச்சிருச்சு. ஒவ்வொண்ணும் இந்த உசரம். ஒரு கடா நேரா வண்டிக்கு முன்னாடி வந்து தலையைக் குனிஞ்சு நிக்குது. ஹார்ன் அடிக்கல, லைட்டை அமத்திட்டேன், இன்ஜினை அமத்திட்டேன், ஒருத்தரும் பேசக் கூடாதுன்னு கையைக் காட்டினேன். வண்டியே மூச்சு விடல. அந்த உரமூட்டை அண்ணன் இருக்காருல்ல, அவரு கண்ணுல தண்ணி. அரைமணி நேரம் அப்படியே இருந்து, அதுவா விலகிப் போனப்புறம் எடுத்துட்டு வர்றேன். இறங்கும்போது எல்லாரும் என் கையைப் பிடிச்சுட்டுப் போறாங்க. நீ, நான் ஓட்டுறதைப் பாக்கணும்னு வந்தவ, உனக்கு ஒண்ணுமே தெரியாதா?"

"தெரியாது" என்றாள் இன்னாசியம்மா.

பவுலின் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், கன்னத்தில் பதிந்த அந்தக் கம்பித் தடத்தை, அப்போதுதான் எழுந்த பிள்ளையைப் போல வீங்கியிருந்த கண்ணை. பிறகு அவளுக்கு விளங்கியது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒன்றுமில்லாத முன்கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்தாள்.

இன்னாசியம்மா பையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினாள். டீக்கடை வாசலில் கண்டக்டர் செல்லப்பாண்டி தம்ளரோடு நின்றார். சுற்றிலும் பஸ்ஸில் வந்தவர்கள், மாட்டைப் பற்றித்தான் பேச்சு. "என்னம்மா" என்றார் அவர், "அந்தக் கடா வந்து நின்னப்ப உங்களுக்கு உசுரே போயிருக்குமே?"

"நான் தூங்கிட்டேன்ல" என்றாள் இன்னாசியம்மா, கடைக்குள் இருந்தவர்களுக்கும் கேட்கும்படியாக.